வெள்ளத்தாய் அனுப்பிய ஹெட்போன்

நான் ஆங்கிலத் துறையில் ட்யூட்டராகச் சேர்ந்த கல்லூரி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்தது. அங்கே மொழி ஆய்வுக்கூடம் என்று ஓர் அறை. ப்ளைவுட் தடுப்பும் முன்பக்கம் கண்ணாடியுமாகச் சின்னச் சின்னக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு ஹெட்போன், அதிலேயே வாய்க்கு நேரே நீண்டிருக்கும் மைக். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேசட்டில் பேசும் வெள்ளைக்காரன் சொல்வதைக் கேட்டு அதே மாதிரி சொல்லிப் பழக வேண்டும். அந்த அறைக்கு அட்டெண்டராக இருந்தவர் வெள்ளத்தாய்.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதல் நாள் நான் அறைக்குள் நுழைந்தபோது அவர் சொன்னது, "டீச்சர், செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க. தூசி மிஷினுக்கு ஆகாது."

காலையில் வந்ததும் பெருக்குவார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு மிஷினிலும் டேப் உரசும் ஹெட்டைத் துடைப்பார். டேப் வெளியே வந்து சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றி உள்ளே தள்ளுவார். மிஷின் ரிப்பேரானால் ராஜபாளையத்தில் ரேடியோ கடை வைத்திருந்த சேக் முகைதீன் வந்து பார்ப்பார். அவர் வேலை செய்யும்போது வெள்ளத்தாய் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஸ்க்ரூக்களை ஒரு மூடியில் போட்டு வைத்துக்கொள்வார். வேறு பேச்சு இருக்காது.

அவருடைய பிறந்த ஊர் ஆலங்குளம் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சோலைச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சோலைச்சாமி கம்பி கட்டும் வேலை செய்பவர். மாமனார் எங்கள் கல்லூரிக் கட்டடத்தில் கொத்து வேலை பார்த்தவர், அந்தப் பழக்கத்தில் மருமகளுக்கு இந்த வேலையைக் கேட்டு வாங்கினார். அடுத்த வருஷமே அவர் காலமாகிவிட்டார். சோலைச்சாமி குவைத்துக்குப் போனார். வீட்டில் மாமியார் பிச்சையம்மாள், கொழுந்தன் பால்ச்சாமி, அவன் பெண்டாட்டி, அவர்களுடைய பெண் குழந்தைகள். இவர்களோடு வெள்ளத்தாய்.

முதல் லீவில் வந்தபோது சோலைச்சாமி ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். அது பிச்சையம்மாளின் பீரோவுக்குள் போனது. பூட்டுச் சாவி அந்த அம்மாவின் இடுப்பில். குவைத்திலிருந்து யாராவது ஊருக்கு வரும்போது சோலைச்சாமி பேசிப் பதிந்த கேசட் ஒன்று வரும். அன்றைக்கு டூ-இன்-ஒன் வெளியே வரும். பக்கத்து வீட்டு ஆட்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அம்மா எப்படி இருக்கிறாய், தம்பி எப்படி இருக்கிறாய், சித்தப்பா கால் வலி தேவலையா என்று தெரு முழுவதையும் விசாரித்துவிட்டு, டேப் முடியப்போகும் நேரத்தில் "வெள்ளத்தா நல்லா இருக்காளா" என்று ஒரு வார்த்தை வரும். பதில் பதிவதும் அப்படித்தான். எல்லாரும் பேசி முடித்த பிறகு மாமியார் இவரைக் கூப்பிடுவார். "ஏட்டி, நீயும் ரெண்டு வார்த்தை பேசு." வெள்ளத்தாய் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்து, "நல்லா இருக்கேன். நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க" என்பார். அவ்வளவுதான்.

கல்யாணமாகிப் பல வருஷம். குழந்தை இல்லை. புருஷன் ஊரில் இருந்ததே கொஞ்ச காலம் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. "வந்து போயிட்டுத்தான இருக்கான்" என்பார் பிச்சையம்மாள். கொழுந்தன் மகளுக்குப் பேர் விடும்போது வெள்ளத்தாயை அடுப்படியிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். தொட்டிலில் பிள்ளையைப் போட எல்லாப் பெண்களையும் கூப்பிட்டார்கள், இவரைக் கூப்பிடவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தபோதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லா மிஷினையும் துடைத்துவிட்டு, துடைத்த மிஷின்களையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

அதற்கப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். அக்காவைப் பார்க்க ஆலங்குளம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார். டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்றார்களாம்.

வீட்டுக்காரர் குவைத்தில். இதை எப்படி அவருக்குச் சொல்வது? சோலைச்சாமி எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கடிதம் போனால் ரூமில் இருக்கும் யாராவது உரக்க வாசித்துச் சொல்வார்கள். ஒரே ரூமில் நம்மூர் ஆட்கள் ஏழெட்டுப் பேர். கேசட்டில் சொல்லலாமென்றால் இங்கே மாமியார் முன்னால்தான் பேச வேண்டும். அங்கேயும் ரூமே சுற்றி உட்கார்ந்து கேட்கும்.

அந்த வருஷக் கடைசியில் மொழி ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டார்கள். பாதி மிஷின் ஓடவில்லை. அந்த அறைக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார்கள். கூண்டுகளைக் கழற்றி, மிஷின்களையெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கொண்டுபோய்க் குவித்தார்கள். பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதுல இரும்பே இல்லையே, பூராம் பிளாஸ்டிக்கு" என்று போய்விட்டார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பிரின்சிபால் சொன்னார்.

ஒரு வாரத்துக்குள் கொட்டகை அடையாளம் தெரியாமல் போனது. பிசிக்ஸ் பையன்கள் மோட்டார்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். யாரோ காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் ஒயர்களைக் குவித்து எரித்துச் செம்பை எடுத்துப் போயிருந்தார்கள், சுவரில் கரி ஏறியிருந்தது. ஹாஸ்டல் சமையல்காரர் ப்ளைவுட்டை அடுப்புக்குக் கொண்டுபோனார். கேசட்டுகள் தரையில் மிதிபட்டுக் கிடந்தன.

சாப்பாட்டு நேரத்தில் வெள்ளத்தாய் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். ஒரு நாள் நான் தேடிக்கொண்டு போனபோது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் குவியலுக்குள் குனிந்து நின்றார். பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, கிடைத்ததையெல்லாம் வரிசையாக வைத்திருந்தார். உடையாத ஹெட்போன்கள், ஒரு மிஷினின் மூடி, இன்னொன்றின் பெல்ட்டு.

"என்னக்கா, கடை போடப் போறீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவியகிட்ட ஒரு விஷயம் பேசணும் டீச்சர். பக்கத்துல ஆள் இல்லாம. இத்தனை வருசமா இந்தப் பிள்ளைக ஆளுக்கொரு பொட்டிக்குள்ள உக்காந்து பேசுனதைப் பாத்திருக்கேன்ல. ஒருத்தி பேசுறது இன்னொருத்திக்குக் கேக்காது. அது மாதிரி எனக்கும் ஒரு தடவை பேசணும்."

"இங்க பேசிப் பதிஞ்சிரலாம். அங்க அவரு கேக்கும்போது?"

அவர் ஒரு ஹெட்போனைத் தூக்கிக் காட்டினார். "இதையும் சேத்து அனுப்பிருவேன்."

ஓடுகிற மிஷின் முழுதாக ஒன்றுகூட மிச்சமில்லை. எது எதில் என்ன பழுது என்று அவருக்கு நினைவிருந்தது. மோட்டார் நன்றாக இருந்த மிஷினைக் குவியலின் அடியிலிருந்து இழுத்தெடுத்து, பட்டன் வேலை செய்யும் இன்னொன்றின் பாகத்தை அதில் மாட்டிப் பார்த்தார். பெல்ட்டு நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் சாக்கில் கட்டி சேக் முகைதீன் கடைக்கே கொண்டுபோனார். போகும்போது கல்லூரி வாசலில் வாட்ச்மேன் ஐயாதுரை பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இதெல்லாம் ஒனக்கு எதுக்கு? கழட்டி விக்கப் போறியா?"

வெள்ளத்தாய் சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காரணத்தைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடும். நான் பின்னால் போய், "நான்தான் குடுத்தேன் அண்ணாச்சி. ரிப்பேர் பண்ணி டிப்பார்ட்மென்ட்டுக்கு வச்சுக்கப் போறோம்" என்றேன். ஐயாதுரை நம்பாத பார்வையோடு வழி விட்டார்.

சேக் முகைதீன் மிஷினை ஓட வைத்துக் கொடுத்தார். ஹெட்போன் பிளக் பெரிசு, குவைத் ரூமில் இருக்கும் டூ-இன்-ஒன்னில் ஓட்டை சிறிசு. அனுப்பப்போகும் ஹெட்போனின் மைக் கம்பியை வெட்டிவிட்டுச் சின்ன பிளக்கைப் பற்றவைத்தார். அவரும் அப்போது கடையை மூடிவிட்டுக் குவைத்துக்குப் போகிற ஏற்பாட்டில் இருந்தார். சோலைச்சாமி இருந்த கம்பெனியிலேயே எலெக்ட்ரீசியன் வேலை.

"சாமானெல்லாம் அங்க இருந்துதான் இங்க வரும். இங்க இருந்து அங்க அனுப்புற மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தார்.

"அவியகிட்ட தனியாக் குடுங்க பாய். ஆள் முன்னாடி வேணாம்."

அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. "சரி, தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு கூண்டு கழற்றப்படாமல் மூலையில் நின்றது. ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், வெள்ளத்தாய் அதற்குள் போய் உட்கார்ந்தார். நான் அறை வாசலில் நாற்காலி போட்டுக் காவலுக்கு இருந்தேன். கேசட் புதிதல்ல, கொட்டகையில் எடுத்த பாடக் கேசட்தான். மேலே பதிய விடாமல் தடுக்கும் மூலை ஓட்டையில், பதிவதற்காகக் காகிதத்தை மடித்து அடைத்திருந்தார்.

கண்ணாடி வழியே பார்த்தேன். பட்டனை அழுத்தினார். உதடு அசைந்தது. உடனே நிறுத்தினார். திரும்பச் சுற்றினார். மறுபடியும் அழுத்தினார். இப்படியே பல தடவை. கடைசியில் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றார். வேர்த்திருந்தது.

"வர மாட்டேங்குது டீச்சர். பட்டனை அமுக்குனதும், 'நல்லா இருக்கேன், உடம்பைப் பாத்துக்கோங்க'ன்னுதான் வருது. அத்தை எதுக்க உக்காந்திருக்க மாதிரியே இருக்கு."

"மைக்கைப் பாக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு அவரைத் திட்டுற மாதிரி பேசுங்க" என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

திரும்ப உள்ளே போனார். இந்தத் தடவை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை நீட்டினார். "சரியாப் பதிஞ்சிருக்கான்னு நீங்களே கேளுங்க."

நான் கேட்டேன். இரைச்சலுக்குள் அவர் குரல் கிட்டத்தில் கேட்டது.

"ஏங்க, நான் வெள்ளத்தாய் பேசுதேன். இங்க பக்கத்துல யாரும் இல்ல. நீங்களும் இதைக் காதுல மாட்டிக்கிட்டு ஒத்தையில கேளுங்க. நான் மதுரைக்குப் போயி டாக்டரம்மாகிட்ட காட்டுனேன். அத்தைக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாக. உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுதாக. கோவப்படாதீக, நான் குத்தம் சொல்லல. ஒரு விசேச வீட்டுக்கு என்னால போக முடியல. போனா ஒதுங்கி நிக்கச் சொல்லுதாக. தண்ணிக்கு நின்னாக்கூட ஒரு பேச்சு. நீங்க அங்கன ஒரு ஆசுபத்திரியில போயிப் பாருங்க. எது இருந்தாலும் எனக்குச் சொல்லிருங்க. ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் சொன்னாப் போதும்."

அதற்குப் பின் கொஞ்சம் வெறும் இரைச்சல். பிறகு அழியாமல் மிச்சமிருந்த பாடம் ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, திரும்பச் சொல்லும்படி கேட்டுக்கொண்டிருந்தான்.

சேக் முகைதீன் அதைக் கொண்டுபோனார். அப்புறம் மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. வீட்டுக்கு வழக்கமான கேசட் வந்தது. அதே விசாரிப்புகள், கடைசியில் அதே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று யோசித்து யோசித்துப் பார்த்ததாகச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை. "போய்ச் சேரலையோ? இல்ல, கேட்டுட்டுக் கோவமா இருக்காகளோ?" என்று பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் கேட்பார்.

அடுத்த வருஷம் சோலைச்சாமி லீவில் வந்தார். வந்த வாரமே பிச்சையம்மாள் நேர்த்திக்கடன் என்று குடும்பத்தையே அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கு நடந்தது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அதை அப்போதே ஏன் சொல்லவில்லை என்பதற்கும் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது.

எல்லாரும் அருவிப் பக்கம் குளிக்கப் போயிருக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கீழே ஆற்றோரப் பாறையில் சாமான்களுக்குக் காவல். தண்ணீர்ச் சத்தம். சோலைச்சாமி அவரைப் பார்க்காமலேயே, "கேட்டேன்" என்றார்.

வெள்ளத்தாய்க்கு முதலில் வாயில் வந்தது, "ஹெட்போன் நல்லா வேலை செஞ்சுச்சா?"

"செஞ்சுச்சு. கடைசியில ஒரு வெள்ளைக்காரன் பேசுதானே, அவன் யாரு?"

வெள்ளத்தாய் சிரித்துவிட்டார். சோலைச்சாமியும் சிரித்தார். கல்யாணமானதிலிருந்து அப்படி ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்று அவர் என்னிடம் சொன்னார்.

பிறகு சோலைச்சாமி சொன்னார். "ஆசுபத்திரிக்குப் போனேன். நம்பாம இன்னொரு ஆசுபத்திரிக்கும் போனேன். குறை எனக்குத்தான் வெள்ளத்தா. மருந்து கெடையாதாம்."

அவர் அழுதார். வெள்ளத்தாய் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வரும் பேச்சு கேட்டது. சோலைச்சாமி அவசரமாக வெள்ளத்தாயின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா உசிரை விட்டுருவா. தம்பி முன்னாடி என்னால தலை நிமிர முடியாது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. நீதான சொன்ன, ஒனக்கு மட்டும் சொன்னாப் போதும்னு."

வெள்ளத்தாய் சொன்னார். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சோலைச்சாமி குவைத்துக்குப் போய்விட்டார். வெள்ளத்தாய் பழைய மாதிரி விசேஷ வீடுகளில் ஒதுங்கி நின்றார். மாமியார் ஒவ்வொரு கோவிலாகக் கூட்டிப்போய் அங்கப்பிரதட்சிணம் பண்ணச் சொன்னார், பண்ணினார். வேப்பெண்ணெய் மாதிரி ஏதோ கஷாயத்தைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார், குடித்தார். முன்பெல்லாம் உள்ளது தெரியாமல் பட்டார், இப்போது தெரிந்தே பட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார் என்பதுதான். "அவரு பதில் சொன்னாரா அக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன். "நல்லா இருக்காக டீச்சர்" என்றார். அதற்கு மேல் கேட்க முடியாத ஒரு முகம்.

தொண்ணூறில் குவைத்தில் சண்டை வந்தது. சோலைச்சாமி உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாமல் வாரங்கள் போயின. கடைசியில் ஜோர்டான் போய், அங்கிருந்து பம்பாய் வந்து, தாடியும் ஒரு கைப்பையுமாக ஊர் வந்து சேர்ந்தார். சேக் முகைதீனும் வந்துவிட்டார். பழைய கடையையே மறுபடி திறந்தார்.

சோலைச்சாமிக்கு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. இனி அவர் ஊரில்தான். "வந்து போயிட்டு இருக்கான்" என்ற பேச்சுக்கும் இடமில்லாமல் போனது. பால்ச்சாமிக்கு எல்லாம் பெண். பிச்சையம்மாள் ஒரு நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார், "சோலைக்கு வேற ஒரு பொண்ணைப் பாப்போம். இவளும் இருந்துட்டுப் போகட்டும். யாரு வெரட்டுதா?"

வெள்ளத்தாய் புருஷனைப் பார்த்தார். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று இவர் காத்திருந்தார். தனியாகக் கேட்டபோது, "அம்மா பேசிட்டுப் பேசாம விட்டுருவா" என்றார். அந்த அம்மா விடவில்லை. சேத்தூரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார்கள்.

இரண்டாம் கல்யாண விஷயத்தை மட்டும் வெள்ளத்தாய் என்னிடம் சொன்னார். "அக்கா, இது சட்டப்படி செல்லாது. போலீஸுல சொல்லலாம்" என்றேன்.

"சட்டம் எங்க தெருவுக்குள்ள வாரதுக்குள்ள தாலி ஏறிரும் டீச்சர்."

பெண் பார்க்கப் போகிற அன்று வாசலில் வேன் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். வெள்ளத்தாயும் ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். பிச்சையம்மாள், "நீ எங்கட்டி?" என்றார். "நானும்தான் பாக்கணும். என்கூடத்தான இருக்கப் போறா" என்றார். தெருவே வேடிக்கை பார்த்ததால் யாரும் இறக்கிவிடவில்லை.

சேத்தூரில் பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. தாயார் கருத்தம்மாள் காட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். ஆண்கள் முன்னால் உட்கார, பெண்கள் உள்ளே போனார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. இவர்தான் மூத்த தாரம் என்று தெரிந்ததும் வந்து காலில் விழுந்தது. எழும்பும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்க தங்கச்சி மாதிரி இருந்துக்கிடுதேன்க்கா" என்றது.

வெள்ளத்தாய் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து கருத்தம்மாளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

"மதினி, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீக. எனக்குக் குறை இல்ல. அவியளுக்குத்தான். குவைத்து ஆசுபத்திரியில பாத்தாச்சு. ஒங்க பிள்ளைக்கும் பெறக்காது. நாளைக்கு அதையும் என்னைய மாதிரி மூலையில உக்கார வச்சிருவாக."

கருத்தம்மாள் நேரே முன்னால் போய் சோலைச்சாமி எதிரில் நின்றார்.

"ஒங்க வீட்டுக்காரி இப்படிச் சொல்லுதா. நெசமா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

பிச்சையம்மாள் எழுந்துவிட்டார். பால்ச்சாமி அண்ணனைப் பார்த்தான். சோலைச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு, "அவளுக்குக் கொஞ்ச நாளா புத்தி சரியில்ல" என்றார்.

கருத்தம்மாள் செத்த நேரம் அவரையே பார்த்தார். பிறகு, "இந்தச் சம்பந்தம் வேணாம், நீங்க கெளம்புங்க" என்றார். ஊற்றிவைத்த காப்பி அப்படியே இருந்தது. வேனில் வரும்போதும் வெள்ளத்தாய் அதே பின்சீட்டில்தான் உட்கார்ந்து வந்தாராம். சத்தியத்தை மீறிவிட்டோமே என்ற பயம் ஒரு பக்கம். புத்தி சரியில்லை என்று புருஷன் வாயாலேயே கேட்டது ஒரு பக்கம்.

மறுநாள் கல்லூரிக்கு வந்து, கம்ப்யூட்டர் அறை ஏ.சி. சத்தத்துக்குள், எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து என்னிடம் சொன்னார். "இப்ப நான் சொல்லுறது ஒரு ஆளும் நம்ப மாட்டாக டீச்சர். பைத்தியம்னு சொன்னதை மட்டும் நம்பிருவாக."

அப்படித்தான் ஆனது. சோலைச்சாமிக்குப் பெண் தேடுவது நின்றது, ஏனென்றால் சேத்தூர்ப் பேச்சு அடுத்தடுத்த ஊர்களுக்கும் போய்விட்டது. ஆனால் மடவார் வளாகத்தில் வெள்ளத்தாய்க்குப் பைத்தியக்காரி என்ற பெயர் நின்றுவிட்டது. பிச்சையம்மாள் அவர் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அங்கிருந்து வெளியே வர வேண்டும் என்று அவரும் பார்த்தார். ஆலங்குளத்தில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அண்ணன்மார் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். கல்லூரி ஹாஸ்டலில் ஒரு மூலை கொடுத்தால் போதும், அங்கேயே வேலையும் பார்க்கிறேன் என்று கேட்டார். நானும் அவருக்காகப் போய்ப் பேசினேன். புருஷன் உள்ளூரிலேயே இருக்கும்போது ஒரு பெண்ணை எப்படி ஹாஸ்டலில் வைத்துக்கொள்வது, நாளைக்கு அந்த ஆள் வந்து சத்தம் போட்டால் யார் பதில் சொல்வது என்று மறுத்துவிட்டார்கள். ராஜபாளையத்தில் வாடகைக்கு ஓர் அறை தேடினோம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு, அதுவும் இந்தப் பேச்சோடு, யாரும் தரவில்லை.

ஆகவே அதே வீட்டில் இருந்தார். சோலைச்சாமிக்குச் சோறு வைப்பார். அவர் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அந்த வருஷங்களில்தான் கொட்டகைக்கு மறுபடியும் போக ஆரம்பித்தார். இப்போது அங்கே வேறு சாமான்கள் வந்து விழுந்தன. திரையில் பச்சை எழுத்து மட்டும் வரும் பழைய கம்ப்யூட்டர்கள், தட்டையான பெரிய கீபோர்டுகள், ஓடாத பிரிண்டர்கள். சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து ஸ்க்ரூக்களைக் கழற்றுவார். எதற்கு என்று கேட்டால், "வீட்டுக்குப் போனா நாலு செவுரு. இங்கன கை வேலை செய்யுது, மனசு சும்மா கெடக்கு" என்பார். உருப்படியாகத் தெரிவதைச் சேக் முகைதீன் கடைக்குக் கொடுத்துவிடுவார்.

தொண்ணூற்றாறில் பிச்சையம்மாளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பால்ச்சாமி பெண்டாட்டி நாலு நாள் பார்த்துவிட்டு முதுகு வலி என்று ஒதுங்கிக்கொண்டாள். தண்ணீர்கூட வாங்காத கையால்தான் பிறகு எல்லாம். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் வெள்ளத்தாய்தான். காலையில் முடித்துவிட்டு வேலைக்கு வருவார், சாயங்காலம் போனதும் மறுபடி. படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்தது. காற்றுப் படாமல்தான் இப்படி என்று, பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்த சின்ன ஃபேனைக் கழற்றி எடுத்து, சேக் முகைதீனிடம் ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கிச் சேர்த்து, கட்டில் காலில் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். முதுகுக்கு நேரே அது சன்னமாகச் சுற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது பிச்சையம்மாள் பேசினார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் பேச்சு குழறும். வெள்ளத்தாய் மட்டும் புரிந்துகொள்வார்.

"ஏட்டி, அவனுக்குப் பதினாறு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. தங்கம் பட்டா வத்தும்னு என் சங்கிலியக் கழத்தி அவன் கழுத்துல போட்டேன். கேக்கல. கீழ எறங்கி வீங்கிருச்சு. வைத்தியரு அப்பவே சொன்னாரு, இவனுக்கு வாரிசு சந்தேகம்னு."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?"

"சந்தேகம்னுதான சொன்னாரு. வெளிய சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? ஒரு புள்ளை பெறந்துரும், பெறந்துரும்னு கெடந்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "சேத்தூர்ல நீ சொன்னப்பவே அது நெசம்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

"அவியளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. காய்ச்சல்ல பெனாத்திக்கிட்டுக் கெடந்தான். நீ சொல்லிராத."

வெள்ளத்தாய் மருந்தைப் போட்டு முடித்தார். துணியைச் சுற்றினார். கையைக் கழுவிவிட்டு வந்து மாமியார் தலைமாட்டில் நின்று, "இல்ல அத்தை. இதையும் என்னால வச்சுக்கிட முடியாது" என்றார்.

அன்று சாயங்காலம் சோலைச்சாமி ஷிப்டுக்குக் கிளம்பும்போது, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து, அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னார். சோலைச்சாமி அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டது. அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் ஒரு நாள் தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் உட்காரவைத்து, "சேத்தூர்ல வெள்ளத்தா சொன்னது நெசம். நான்தான் பொய் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தம்பி பெண்டாட்டி தெருவுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியதைச் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த தை மாதம் பிச்சையம்மாள் இறந்துபோனார். அந்த வருஷமே பால்ச்சாமியின் மூத்த பெண் சடங்கானது. வெள்ளத்தாயைத்தான் முதல் ஆளாக நலங்கு வைக்கக் கூப்பிட்டார்கள். போய் வைத்துவிட்டு வந்தார்.

"சந்தோசமா இருந்துச்சா அக்கா?" என்று கேட்டேன். நாங்கள் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம்.

"எனக்கு இப்ப நாப்பது ஆச்சு டீச்சர். அந்தப் பிள்ளை கன்னத்துல சந்தனம் தடவும்போது, கையை வச்சிட்டு சட்டுன்னு எடுத்துட்டேன். யாரோ வையப் போற மாதிரியே இருந்துச்சு. வையல. எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னாக."

"இப்பவாவது அவரோட பேசுறீங்களா?"

"பேசுதேன். சோறு வைக்கவா, தண்ணி வந்துச்சா, ரேசன்ல சீனி போட்டாச்சா. அம்புட்டுதான். அதுக்கு மேல அவியளுக்கும் வரல, எனக்கும் வரல."

ஹாஸ்டலில் ஆயா வேலைக்கு அப்போது ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தங்குமிடமும் உண்டு. இப்போது கேட்டால் கொடுத்துவிடுவார்கள், நான் பேசட்டுமா என்றேன். அவர் யோசித்தார்.

"அவியளுக்கும் சுகர் வந்துருச்சு டீச்சர். நேரத்துக்குச் சோறு வேணும். பாப்போம்."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. கூட்டத்துக்குள் முண்டி ஏறி, படிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பியது.